மாடல் விமானத்தின் இறக்கையில் ஐலெரானை அசைத்து ஒட்ட

ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் போர் விமானத்தின் 1/72 கிட்டில் (அசலில் 72-ல் ஒரு பங்கு அளவு), இறக்கையின் பின்னோரத்தில் மேலும் கீழும் அசையும் பலகையான ஐலெரான் பெரும்பாலும் இறக்கையோடு சேர்ந்தே வரும். அதை வெட்டிக் கொஞ்சம் சாய்த்து ஒட்டினாலே விமானத்துக்கு உயிர் வந்துவிடும்.

இறக்கையின் மேல் பாதி, கீழ் பாதி இரண்டையும் ஒட்டும் முன்பே வெட்டிவிடுங்கள். ஐலெரானைச் சுற்றியுள்ள கோட்டின் ஓரம் இன்சுலேஷன் டேப்பை நாலு மடிப்பு ஒட்டி, பிளேடின் முதுகுப் பக்கத்தால் மெல்ல இழுங்கள். கூர்ப்பக்கம் பிளாஸ்டிக்கைப் பிளந்து ஓரத்தை மேடாக்கும். முதுகோ மயிரிழை போலச் சுருள் சுருளாய்ச் சீவி எடுக்கும். பதினைந்து இருபது முறை பொறுமையாக இழுத்தால் தானே விட்டுவிடும். அழுத்தினால் போச்சு.

வெட்டிய ஐலெரானின் முன் ஓரத்தை 400 நம்பர் உப்புத்தாளில் உருட்டித் தேயுங்கள். இறக்கையில் தெரியும் பொந்தை அடைக்கக் காலாவதியான ஏடிஎம் கார்டில் ஒரு கீற்று போதும். அது பிவிசி என்பதால் கிட் பசையை நம்பாமல் சூப்பர் க்ளூ போடுங்கள். சேலத்தில் இதில் தொல்லையில்லை. ஏற்காட்டில் மழைக்காலத்தில் ஒட்டினேன், ஈரக்காற்றில் பசையோரம் திருநீறு பூசியதுபோல் வெளுத்துவிட்டது.

ஒரு பக்கம் மேலே போனால் மறுபக்கம் கீழே இறங்க வேண்டும். இடது ஐலெரான் மேலே என்றால் காக்பிட்டில் விமானி பிடிக்கும் ஸ்டிக்கும் இடதுபக்கம் சாயணும். தரையிறங்கும்போது இறக்கையின் அடியில் விரியும் ஃப்ளாப்பைத் தொடாதீர்கள்: ஸ்பிட்ஃபயர் விமானிகள் தரையிறங்கியதுமே அதை மூடிவிடுவார்கள்.