நீச்சல் குள விளிம்புக்கு கோப்பிங் கல்: பதிப்பதும் சீலர் அடிப்பதும்

கோப்பிங் என்பது குளச்சுவரின் தலைப்பில் விளிம்பாகப் பதிக்கும் கல். குளத்துத் தண்ணீரை ஒரு சாண் இறக்கிவிட்டு, குளச்சுவரின் தலைப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பழைய பசை, தூசி எதுவும் மிஞ்சக் கூடாது.

முதலில் கலவை இல்லாமல் எல்லாக் கல்லையும் அடுக்கிப் பாருங்கள். மூலைகளில் தொடங்கி நடுவை நோக்கி வாருங்கள். கடைசியில் விரலளவு துண்டு விழுந்தால், அந்த வரிசையில் இரண்டு மூன்று கற்களைக் கொஞ்சம் குறைத்து வெட்டிச் சரிக்கட்டலாம். கல் குளத்துக்குள் 30 மிமீ நீட்டிக்கொண்டிருக்கட்டும். நூல் பிடிக்காமல் கண்ணளவில் வைத்தால் வளைவு தண்ணீரில் அப்படியே தெரியும்.

ஒட்ட, சாதா சிமெண்ட் பாலைவிட பாலிமர் கலந்த டைல் அட்ஹெசிவ்தான் மேல். சுவரிலும் கல்லின் அடியிலும் பூசி, ரப்பர் சுத்தியால் தட்டி இறக்குங்கள். அடியில் காலி இடம் இருந்தால் தட்டும்போதே பொள்ளல் சத்தம் கேட்கும். உடனே எடுத்துத் திரும்பப் பூசுங்கள். கற்களுக்கு நடுவே 6 முதல் 10 மிமீ விட்டு, அட்ஹெசிவ் இறுகியதும் கிரவுட் (இடுக்கை நிரப்பும் கலவை) போடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது இதற்கு அடுத்த இடத்தில். கோப்பிங்குக்கும் வெளித்தளத்துக்கும் இடையில் 12 மிமீ விட வேண்டும். அதில் கிரவுட்டோ கலவையோ துளியும் போகக் கூடாது. வெயிலில் தளம் விரிந்து தள்ளும்போது அந்த இடைவெளிதான் அதை வாங்கிக்கொள்ளும். அடைத்துவிட்டால் கல் பெயரும், சில சமயம் கீழே உள்ள டைல் வரிசையும் வெடிக்கும். உள்ளே விழுந்த சிமெண்ட் கட்டிகளை அடி வரை சுரண்டி எடுங்கள். பிறகு 15 மிமீ பேக்கர் ராடை (நுரைக் கயிறு) அழுத்தி இறக்கி, மேலே 6 மிமீ கனத்துக்குப் பாலியூரித்தேன் சீலண்ட் (ரப்பர் போல நீளும் அடைப்புப் பசை). ராட் இல்லாமல் ஊற்றினால் சீலண்ட் அடியிலும் ஒட்டிக்கொண்டு, நீள வழியில்லாமல் கிழியும். ஈரமாக இருக்கும்போதே மெல்லிய மணல் தூவினால் பார்வைக்கு கிரவுட் மாதிரியே இருக்கும்.

சீலருக்கு, அதாவது கல்லில் தண்ணீரும் கறையும் இறங்காமல் காக்கும் பூச்சுக்கு, அவசரம் வேண்டாம். 28 நாள் ஆறட்டும், கல் முழுக்கக் காயட்டும். ஈரத்தோடு அடித்தால் வெள்ளை பூக்கும். கல்லுக்குள் ஊறும் சிலேன்-சிலாக்சேன் வகையே நல்லது. பளபளப்புப் படலம் போடும் வகை வழுக்கும், உரியவும் செய்யும். குளத்துப் பக்கம் பிளாஸ்டிக் ஷீட் மறைத்து, முதல் கை ஈரம் காயும் முன்பே இரண்டாம் கை அடியுங்கள். 10 நிமிடத்தில் மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகக் கறுக்கும்.

சுண்ணாம்புக் கல்லோ மார்பிளோ என்றால், சீலர் அடிக்கும் முன் கறை எடுக்கிறேன் என்று ஆசிட் ஊற்றாதீர்கள். மேற்பரப்பு அரித்துப் போகும், எந்த சீலரும் அதை மீட்காது.