மன அழுத்தத்துக்கு நோய் விடுப்புப் பெறுவது எப்படி: டர்பன் தொழிலாளர்களுக்கு

டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் நம்மவர்கள் காய்ச்சலுக்குத் தயங்காமல் விடுப்புக் கேட்கிறார்கள். தூக்கம் கெட்டு, வேலைக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடக்கும் நிலை வந்தாலோ வீட்டாரிடம்கூட வாய் திறப்பதில்லை. சட்டம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் 1997-ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டப்படி, வாரத்துக்கு ஐந்து நாள் வேலை செய்பவருக்கு ஒவ்வொரு 36 மாதச் சுற்றிலும் சம்பளத்துடன் 30 நாள் நோய் விடுப்பு உண்டு; வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதங்களில் மட்டும், 26 நாள் உழைப்புக்கு ஒரு நாள் என்பதே கணக்கு.

முதலில் மருத்துவச் சான்றிதழைப் பெறுங்கள். தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேலோ, எட்டு வாரங்களுக்குள் இரண்டு தடவைக்கு மேலோ வராதவர் சான்றிதழ் காட்டாவிட்டால், அந்த நாட்களுக்கு முதலாளி சம்பளம் தர வேண்டியதில்லை. மருத்துவர் மட்டுமல்லாமல், முறைப்படி பதிவுபெற்ற உளவியலாளரும் அதை வழங்கலாம். உங்கள் சம்மதமின்றி நோயின் விவரத்தை அதில் எழுதக் கூடாது என்பதால், அலுவலகம் முழுவதும் தெரிந்துவிடுமே என்ற அச்சம் வேண்டாம். கோயிலில் அர்ச்சனை செய்வது ஆறுதல் தரும்தான். ஆனால் குருக்கள் சான்றிதழ் எழுத முடியாது. தனியார் மருத்துவருக்கு வசதியில்லாதவர்கள் அரசு கிளினிக்குக்குச் சென்று, தூக்கமும் பசியும் எத்தனை வாரங்களாகக் கெட்டிருக்கின்றன என்று விவரமாகச் சொல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினால், சான்றிதழை மறந்துவிட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

விடுப்பு முடிந்து திரும்புமுன் மேலாளருக்கு எழுத்து மூலம் ஒரு கோரிக்கை அனுப்புங்கள். வேலைப்பளு அதிகம் என்று பொதுவாக முறையிடுவதைவிட, இரவு ஷிப்டிலிருந்து இரண்டு மாதம் விலக்கு வேண்டும் என்பதுபோல் திட்டவட்டமாகக் கேட்பதே பலன் தரும் என்பது என் கருத்து. ஏனெனில் அதற்கு ஆம், இல்லை என்று ஏதேனும் ஒரு பதிலைச் சொல்லியாக வேண்டும்.

அழுத்தத்துக்குக் காரணம் மேலதிகாரியின் மிரட்டலும் அவமதிப்புமே என்றால், தேதி, சொன்ன சொல், உடனிருந்தவர் ஆகியவற்றை அன்றன்றே குறித்து வையுங்கள். பணியிடத் துன்புறுத்தல் குறித்து 2022-இல் வெளியான நன்னடத்தை விதித்தொகுப்பு இத்தகைய கொடுமையையும் உள்ளடக்குகிறது.

உடல்நலக் குறைவைக் காட்டி ஒருவரை நீக்குமுன், அவருக்கு மாற்று வேலையோ தற்காலிக ஏற்பாடோ சாத்தியமா என்று முதலாளி ஆராய வேண்டும். அவ்வாறு செய்யாமல் நீக்கினால், 30 நாட்களுக்குள், தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சி.சி.எம்.ஏ. (CCMA) ஆணையத்தில் முறையிடலாம், அதற்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.