அஞ்சு சென்ட் காய்கறில வாராவாரம் கைல காசு வர வைக்கிறது எப்படி

நிலம் கொஞ்சமா இருக்கு, இதுல என்னத்த பண்றதுன்னு யோசிக்கிறவங்களுக்கு தான் இது. பெரும்பயிர் போட்டா அறுப்பு வரைக்கும் மாசக்கணக்குல காத்திருக்கணும், அதுவரைக்கும் வீட்டு செலவுக்கு வட்டிக்கு வாங்கி, அறுத்த காச அப்படியே கொண்டுபோய் அவன்கிட்டயே கொடுத்துட்டு வெறுங்கையோட நிக்கணும். காய்கறில பெருசா அள்ளிடலாம்னு நான் சொல்லல, சின்ன காசு அடிக்கடி வரும், கடன் கேக்குற வேலை கொறையும், அதான் விஷயம். அதனால கூலி வேலைய உடனே விட்றாதீங்க, மொத சீசன் ரெண்டும் சேர்ந்தே ஓடட்டும்.

விதை வாங்குறதுக்கு முன்னாடி, பக்கத்துல யார் என்ன காய் வாங்குறாங்க, எந்த கிழமைல வாங்குறாங்கன்னு கேட்டு வச்சுக்கோங்க. நிறைய பேர் தலைகீழா பண்றாங்க, வெளஞ்சப்புறம் மூட்டையோட அலஞ்சா கேட்ட வெலைக்கு தான் தரணும்.

அஞ்சு சென்ட்னா கிட்டத்தட்ட 2,180 சதுர அடி. பாத்திய 4 அடி அகலத்துக்கு மேல போடாதீங்க, ரெண்டு பக்கமும் நின்னு கை எட்டணும், உள்ள மிதிச்சா மண்ணு இறுகிடும். மக்குன தொழுவுரம் மட்டும் போடுங்க, பச்ச சாணி வேண்டாம்.

முக்கியமான வேலை இனிமே தான். எல்லாத்தையும் ஒரே நாள்ல வெதச்சா எல்லாம் ஒரே நாள்ல வந்து நிக்கும், விக்க முடியாது. கீரைக்கு நாலு பாத்தி ஒதுக்கி வாரத்துக்கு ஒண்ணா வெதைங்க, சிறுகீரை, முளைக்கீரை மாதிரி 25 நாள்ல வர்றதா இருந்தா மொத பாத்தி புடுங்குறப்போ நாலாவது பாத்தி அப்போதான் மொளச்சிருக்கும், புடுங்குன எடத்துல எரு போட்டு மறுபடி வெதச்சா சுத்திக்கிட்டே இருக்கும். விதை ரொம்ப பொடிசு, மணல் கலந்து தூவி பூவாளில தண்ணி விடுங்க, வாய்க்கால திறந்து விட்டா மொத்த விதையும் ஒரு மூலைல போய் சேந்துரும் (எறும்பு வேற தூக்கிட்டு போகும், பாத்துக்கோங்க).

கீரை காசு வந்துட்டு இருக்கும்போதே வெண்டை 45, 50 நாள்ல பறிப்புக்கு வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கணும், வீட்ல விசேஷம்னு ஒரு பறிப்ப விட்டா காய் முத்தி நாராயிடும், நுனிய ஒடிச்சா டக்குனு ஒடியணும், வளஞ்சுதுன்னா அது வீட்டுக்கு கூட ஆகாது. சொணை கைய அரிக்கும், பழைய சாக்ஸ மாட்டிக்கிட்டு பறிங்க.

கத்திரி நாத்து விட்டு ஒரு மாசம் கழிச்சு நடணும், காசு லேட்டா வரும் ஆனா பல மாசம் காய்க்கும். கொழுந்து திடீர்னு தொங்குச்சுன்னா உள்ள புழு இருக்குன்னு அர்த்தம், தொங்குற எடத்துக்கு கொஞ்சம் கீழ கிள்ளி எரிச்சிருங்க, செடிலயே போட்டுட்டு வராதீங்க. அசுவினி (சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி), வெள்ளை ஈ வந்தா லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு கரைசல் சேத்து சாயந்திரம் அடிங்க. பாகல், பீர்க்கன வேலி ஓரமா ஏத்தி விட்டா தனி எடமே வேண்டாம்.

விடியக்காலைல பறிச்சு ஈரச்சாக்கு போட்டு மூடி கொண்டு போங்க. சொத்தைய அடியில வச்சு மேல நல்லத அடுக்குற வேலை மட்டும் வேண்டாம், வாங்குனவரு அடுத்த வாரம் வேற ஆள்கிட்ட போயிடுவாரு.

நாட்டு ரகமா இருந்தா நல்ல செடில ரெண்டு காய பறிக்காம முத்த விட்டு, விதைய எடுத்து நெழல்ல உலத்தி சாம்பல் கலந்து பாட்டில்ல போட்டு வைங்க, அடுத்த தடவைக்கு விதை செலவு இல்ல. ஹைப்ரிட்ல எடுத்த விதை தாய்ச்செடி மாதிரியே வராது, நம்பி வெதைக்காதீங்க.

விக்கிற காசுல விதைக்கும் எருவுக்கும் உண்டானத அன்னைக்கே தனி டப்பால போட்டுருங்க. மீதில மொத செலவு தண்ணிக்கு தான், தொட்டியோ ஓஸ் பைப்போ, ஏன்னா கோடைல எல்லாரும் நிறுத்துறப்போ உங்ககிட்ட காய் இருந்தா வெல நீங்க சொல்லலாம். குத்தகை நிலமா இருந்தா எத்தனை வருஷம்னு எழுதி வாங்கிட்டு எரு கொட்டுங்க, மண்ணு நல்லா ஆனதும் நிலத்துக்காரரு திருப்பி கேக்குறது நடக்கும்.