விண்மீன் கொத்துக்கு வயது பார்க்கும்போது இரட்டையரிடம் ஏமாறும் இடங்கள்

ஒரு விண்மீன் கொத்தில் இருப்பவை எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவை. அதனால் ஒன்றின் வயது தெரிந்தால் கொத்தின் வயதே தெரிந்த மாதிரி. வழக்கமாக நிறம்-ஒளிர்வு வரைபடத்தை வைத்துத்தான் வயது பார்ப்பார்கள். அதில் கொத்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது, நடுவில் எவ்வளவு தூசு என்ற இரண்டு கேள்விகளும் கூடவே வந்து குழப்பும்.

ஒன்றையொன்று சுற்றிவரும் ஜோடிகளான மறைப்பு இரட்டை விண்மீன்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று மறைக்கும்போது ஒளி குறையும் விதத்திலிருந்து ஆரம் கிடைக்கும். நிறமாலைக் கோடுகள் முன்னும் பின்னும் நகர்வதிலிருந்து நிறை கிடைக்கும். தொலைவு தெரியாமலே இரண்டையும் ஒரு சதவீதத் துல்லியத்துக்குக் கொண்டுவரலாம். அப்புறம் விண்மீன் எப்படி முதிரும் என்று கணக்கிடும் மாடலில் இந்த நிறையுள்ள விண்மீன் எந்த வயதில் இந்த ஆரத்துக்கு வீங்கியிருக்கும் என்று பார்க்க வேண்டியதுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் ஒளிவளைவின் மேல் மாடல் கோடு பிசிறில்லாமல் உட்கார்ந்ததும் வேலை முடிந்தது என்று நாம் எழுந்துவிடுகிறோம். ஆனால் இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்தக் கோட்டைத் தொடவே தொடாது. விடையை மட்டும் நைசாக நகர்த்திவிட்டுப் போய்விடும்.

எந்த ஜோடியை எடுப்பது?

ஒளி கூடிக் குறைகிறது என்பதற்காகக் கண்ட ஜோடியையும் எடுக்கக் கூடாது. 1783இல் ஜான் குட்ரிக் மறைப்பு என்று ஊகித்துச் சொன்ன ஆல்கால் விண்மீனையே பாருங்கள். அங்கே நிறை குறைந்த விண்மீன்தான் அதிகம் முதிர்ந்து வீங்கிக் கிடக்கிறது. நிறை அதிகமானதுதான் முதலில் முதிரும் என்ற விதிக்கு இது நேர் எதிர். காரணம், இப்போது மெலிந்திருப்பது தன் சரக்கில் பெரும்பகுதியை மற்றதன் மேல் கொட்டிவிட்டது. இன்று அளக்கும் நிறை பிறந்தபோது இருந்த நிறை இல்லை என்றால், வயதுக் கணக்கு செல்லாது. ஒன்றையொன்று தொடாமல், எதையும் கொடுக்கல் வாங்கல் செய்யாமல் விலகி நிற்கும் ஜோடிதான் வேண்டும்.

விலகி நின்றாலும் ஒன்றிரண்டு நாளில் சுற்றி முடிக்கும் நெருக்கமான ஜோடிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. வேகமான சுழற்சியால் காந்தச் செயல்பாடு கூடி, சூரியனைவிடச் சிறிய விண்மீன்கள் மாடல் சொல்வதைவிடச் சில சதவீதம் பெருத்துக் காணப்படும். அந்தப் பெருப்பை முதுமை என்று படித்துவிட்டால் கொத்துக்கு வயது ஏறிவிடும்.

நிறை குறைந்த விண்மீனை எவ்வளவு நன்றாக அளந்தாலும் அதனிடம் வயது கேட்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூரியனில் பாதி நிறை உள்ளது கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஆரத்தை அவ்வளவாக மாற்றிக்கொள்வதில்லை. ஹைட்ரஜன் தீரும் தறுவாயில் இருப்பது ஜோடியில் ஒன்றாவது வேண்டும்.

கொத்தின் உறுப்பினர்தானா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். கையா விண்கலத் தரவில் நகர்வு ஒத்துப்போகிறதா, ஜோடியின் மையத் திசைவேகம் கொத்தின் வேகத்தோடு சேர்கிறதா என்று பார்த்தால் போதும். நிறம்-ஒளிர்வு வரைபடத்தில் மற்ற விண்மீன்களின் வரிசையை விட்டு மேலே நிற்கிறது என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். சம அளவு விண்மீன்கள் இரண்டு சேர்ந்தால் ஒளி இரு மடங்காகி, 0.75 பருமன் (விண்மீன் பிரகாசத்தின் அளவுகோல்) பிரகாசமாகத் தெரியும். மேலே நிற்பதுதான் இயல்பு.

ஒளிவளைவில்

என்ஜிசி 188 கொத்தின் வி12 ஜோடியை எடுத்துக்கொள்வோம். சுற்றுக்காலம் சுமார் 6.5 நாள், நிறைகள் சூரியனைப் போல் 1.10, 1.08 மடங்கு. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இரண்டு மறைப்புகளும் ஏறக்குறைய ஒரே ஆழம். இந்த மாதிரி ஜோடியைச் சுற்றுக்காலம் தேடும் நிரலிடம் கொடுத்தால் 3.25 நாள் என்று சாதாரணமாகச் சொல்லிவிடும். அந்தக் காலத்துக்கு ஒரு சுற்று என்று ஒன்றின் மேல் ஒன்றாக மடித்துப் போட்ட ஒளிவளைவும் அழகாகவே இருக்கும். நிறமாலை வேகங்களை அதே காலத்தில் மடித்துப் பார்த்தால்தான் குட்டு உடையும்.

தரவைச் சுத்தம் செய்கிறேன் என்று மறைப்பையே துடைத்துவிடுவது அடுத்த தவறு. விலகி நிற்கும் புள்ளிகளைத் தானாக வெட்டும் நிரலுக்கு மறைப்பும் விலகல்தான். மறைப்பு நேரங்களை முதலில் மூடி வைத்துவிட்டுத்தான் மற்ற இடங்களில் கை வைக்க வேண்டும். கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் நீண்ட இடைவெளித் தரவில் ஒவ்வொரு புள்ளியும் சுமார் அரைமணி நேரச் சராசரி. மாடலையும் அதே அரைமணிக்குச் சராசரி எடுக்காமல் பொருத்தினால் மறைப்பின் சரிவு தவறாகும், கூடவே ஆரமும்.

கொத்துகளில் கூட்டம் அதிகம். கெப்ளரின் ஒரு பிக்சல் 4 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு), டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் பிக்சல் 21 விகலை. அதற்குள் பக்கத்து விண்மீனின் ஒளியும் வந்து கொட்டும், மறைப்பு ஆழம் குறைந்து தெரியும். சில சமயம் அந்த மூன்றாவது ஆள் வெளியாளாகவே இருப்பதில்லை: எம்67 கொத்தின் ஹெச்வி கான்க்ரி மூன்று விண்மீன் உள்ள அமைப்பு. ஜோடியைச் சேராத இந்த மூன்றாம் ஒளியைப் பூஜ்ஜியம் என்று வைத்தாலும் கோடு பொருந்தத்தான் செய்யும். மாடலில் நம் பார்வைக்குப் பாதையின் சாய்வு கொஞ்சம் மாறி அந்தத் தவறை விழுங்கிவிடும்.

மறைப்பு முழுமையாக இல்லாமல் ஓரத்தை மட்டும் கடித்துவிட்டுப் போனால், இரண்டு ஆரங்களின் கூட்டுத்தொகை நன்றாகக் கிடைக்கும், விகிதம் கிடைக்காது. ஒன்றைப் பெரிதாக்கி மற்றதைச் சிறிதாக்கினாலும் அதே வளைவுதான் வரும். இங்கே நிரல் ஒரு விடையைக் கொடுத்து, பக்கத்தில் ஒரு சின்னப் பிழைமதிப்பையும் போட்டுக் கொடுக்கும். நம்பாதீர்கள். நிறமாலையில் இரண்டின் கோடுகளும் எவ்வளவு ஆழம் என்று பார்த்து ஒளி விகிதத்தைத் தனியாக எடுத்து, அதை நிபந்தனையாகக் கொடுங்கள். முழு மறைப்பு கிடைத்தவருக்கு இந்தக் கவலை குறைவு.

வேகத்தில்தான் காசு இருக்கிறது

என் கணக்கில் மிக அதிகமாக வயதைக் கெடுப்பது இந்த இடம். நிறை, வேகத்தின் மூன்றாம் படிக்கு ஏற்ப மாறும். வேகத்தில் 1% பிசகினால் நிறையில் 3%.

வி12க்கே கணக்குப் போடலாம். அந்த நிறைகளும் சுற்றுக்காலமும் இருந்தால் ஒவ்வொன்றின் பாதை வேகமும் வினாடிக்கு 74 கிலோமீட்டரை ஒட்டி வரும். இரண்டையும் ஒரே ஒரு கிலோமீட்டர் குறைத்து அளந்துவிட்டோம் என்று வையுங்கள். சராசரி நிறை 1.09இலிருந்து 1.05க்கு இறங்கும். விண்மீனின் ஆயுளோ நிறையின் மூன்றாம் படியை ஒட்டிக் குறைவது. சுமார் 620 கோடி ஆண்டு என்று கணித்திருக்கும் கொத்து, மோட்டாக் கணக்கில் 70 கோடி ஆண்டு மூப்பாகிவிடும். ஒரு கிலோமீட்டருக்கு!

அந்த ஒரு கிலோமீட்டர் எங்கே தொலையும்? இரண்டு விண்மீன்களின் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் கட்டங்களில். ஒட்டிப்போன இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தம் பக்கம் இழுக்கும், இடைவெளி பெரும்பாலும் குறைவாகவே தெரியும். இது அங்குமிங்கும் ஆடும் பிழை இல்லை, ஒரே பக்கம் தள்ளும் பிழை. நூறு நிறமாலை எடுத்து சராசரி பார்த்தாலும் போகாது. அதனால் கோடுகள் நன்றாகப் பிரிந்து நிற்கும் கால்வட்ட நிலைகளில் அதிகம் எடுங்கள். அங்கே வேகம் மெதுவாகத்தான் மாறும் என்பது கூடுதல் வசதி. கோடுகள் சேரும் நேரத்திலோ வி12 மாதிரி ஜோடியில் ஒரு மணி நேரத்தில் 3 கிலோமீட்டர் மாறிவிடும், நீண்ட எக்ஸ்போஷர் எடுத்தால் கோடு இழுபட்டுப் போகும்.

இன்னொரு சோதனையும் உண்டு, பலர் சோம்பல்பட்டு விட்டுவிடுவது. தெரிந்த வேகங்களை வைத்துப் போலி நிறமாலைகளைச் செய்து, அதே நிரல் வழியே அனுப்பிப் பாருங்கள். கொடுத்த வேகத்துக்கும் திரும்பி வந்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை உண்மையான அளவீடுகளில் திருத்துங்கள்.

பாதையின் சாய்வைப் பற்றி நிறைக்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம். 88 பாகையா 89 பாகையா என்பது நிறையில் 0.2% கூட மாற்றாது. ஆரத்துக்குத்தான் அது முக்கியம்.

வயது என்று எழுதும்போது

நிறையும் ஆரமும் தொலைவைக் கேட்காது என்பது உண்மை. மாடல் வேறு சிலவற்றைக் கேட்கும்: உலோகம் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள்) எவ்வளவு, ஹீலியம் எவ்வளவு, மையத்தில் கலவை எவ்வளவு தூரம் நடக்கிறது. ஹீலியத்தைக் கூட்டினால் அதே நிறை வேகமாக முதிரும். ஒரே ஜோடியையும் ஒரே மாடலையும் வைத்து வயது எழுதினால் இந்தக் கேள்விகள் எல்லாம் கண்ணில் படாமலே போய்விடும்.

என்ஜிசி 6791 கொத்தில் வி18, வி20, வி80 என்று மூன்று ஜோடிகளை எடுத்துப் பார்த்தார்கள். வி20 ஒன்றிலேயே சூரியனைப் போல் 1.09, 0.83 மடங்கு என்று விலகிய நிறைகள். வெவ்வேறு நிறையுள்ள விண்மீன்கள் எல்லாம் ஒரே சமவயதுக் கோட்டில் (ஒரே வயதில் ஒவ்வொரு நிறைக்கும் மாடல் சொல்லும் ஆரம்) உட்கார வேண்டும் என்றால், ஹீலியத்தை நம் வசதிக்குத் திருக முடியாது. அங்கே வந்த விடை சுமார் 830 கோடி ஆண்டு.

பிழைமதிப்பை எப்படி எழுதுவது என்பதற்கு 47 டுகானே கொத்தின் வி69 நல்ல பாடம். 2010இல் அதிலிருந்து கணித்த வயது 1125 கோடி ஆண்டு. அதோடு இரண்டு பிழைகளைத் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள்: அளவீட்டால் வருவது 21 கோடி, முறையால் வருவது 85 கோடி. முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு கொத்துகளில் எது மூத்தது என்று சண்டை போடுகிறவர்கள் இரண்டாவது எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.