கண்ணில் சர்க்கரை பாதிப்பா? உடற்பயிற்சியில் செய்யக்கூடாத தவறுகள்

"ரெட்டினாவில் (விழித்திரையில்) சர்க்கரை பாதிப்பு இருக்கிறது" என்று கண் டாக்டர் சொன்னதும் சிலர் மறுநாளே காலை நடையை நிறுத்திவிடுகிறார்கள். நடந்தால் கண்ணில் நரம்பு வெடித்துவிடுமோ என்ற பயம். ஆனால் நடையை விட்டால் ஏறப்போவது சர்க்கரையும் பிரஷரும்தான். கண்ணைக் கெடுப்பவையும் அவைதான்.

இன்னும் சிலர் நேர் எதிர். பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று ஜிம்மில் பழைய எடையையே தூக்குவார்கள். பாதிப்பு முற்றிய நிலையிலும் பார்வை தெளிவாக இருக்கலாம் என்பதுதான் இந்த நோயின் வஞ்சகம். அதனால் டாக்டரிடம் "எனக்கு எந்த நிலை?" என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் என்.பி.டி.ஆர். (விழித்திரையில் புது ரத்தக்குழாய் முளைக்காத நிலை) அல்லது பி.டி.ஆர். (முளைத்துவிட்ட முற்றிய நிலை) என்று இருக்கும். முன்னதில் ஆரம்பம், நடுத்தரம், தீவிரம் என்று மூன்று படிகள். ஆரம்பம் என்றால் கண்ணுக்காக எந்தப் பயிற்சியையும் விட வேண்டியதில்லை. நடுத்தரம் என்றால் பிரஷரைச் சட்டென்று ஏற்றும் பளு தூக்குதல் மட்டும் வேண்டாம். தீவிரம் அல்லது பி.டி.ஆர். என்றால் ஓட்டம், குதிப்பது, கனமான எடை எல்லாவற்றுக்கும் டாக்டர் சரி சொல்லும்வரை பொறுங்கள். சமதள நடையும் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளும் பெரும்பாலும் போதும்.

பி.டி.ஆரில் விழித்திரைமேல் புதிதாக முளைக்கும் ரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. மூச்சை அடக்கி முக்கும்போது பிரஷர் எகிறுகிறது. குழாய் கிழிந்தால் கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லில் ரத்தம் கசியும். கூடவே வளரும் தழும்பு சுருங்கி, விழித்திரையையே இழுத்துப் பிரிக்கவும் கூடும். இந்த முக்கல் ஜிம்மில் மட்டும் நடப்பதில்லை. நிரம்பிய வீட்டு சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. அதைத் தம் கட்டித் தூக்குவதும், மலச்சிக்கலில் முக்குவதும் கண்ணுக்கு ஒன்றுதான்.

யோகா மென்மையானதுதானே என்று நினைப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். சிரசாசனத்தில் கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. சர்வாங்காசனம், தலை இடுப்புக்குக் கீழே போகும் நிலைகள், வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை நிறுத்தும் கும்பகம் எதுவும் தீவிர நிலையிலும் பி.டி.ஆரிலும் வேண்டாம். சூரிய நமஸ்காரத்திலும் தலை கீழே போகும் படிகள் உண்டு, பலர் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. கும்பகம் இல்லாத நாடிசுத்தி, நின்று செய்யும் எளிய ஆசனங்கள் பரவாயில்லை. வகுப்பில் சேரும் முதல் நாளே மாஸ்டரிடம் கண் பிரச்சினையைச் சொல்லிவிடுங்கள்.

ரெட்டினா முழுக்க லேசர் செய்துகொண்டவர்களுக்குப் பக்கப் பார்வையும் இருட்டுப் பார்வையும் குறையலாம். அவர்கள் அதிகாலை ஐந்து மணிக்குத் தெருவிளக்கை நம்பி நடப்பது ஆபத்து. வேகத்தடை, படுத்திருக்கும் நாய், பக்கவாட்டில் வரும் பைக் எதுவும் தெரியாமல் போகலாம். விடிந்தபின் போங்கள், இல்லையென்றால் மொட்டை மாடியே மேல். கண்ணில் சர்க்கரை பாதிப்பு உள்ளவர்களுக்குப் பாதத்திலும் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால் வெறுங்காலோடு வேண்டாம்.

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள், கிளம்பும் முன் சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு நடக்க வேண்டும். கண்ணில் ஊசி போட்ட பிறகு சில நாள் நீச்சல் கூடாது. அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் கேஸ் நிரப்பியிருந்தால் தலையை எப்படி வைப்பது என்பதிலிருந்து எல்லாமே டாக்டர் சொல்படிதான்.

அப்புறம், பயிற்சியின் நடுவே திடீரென்று கரும்புள்ளிகள் கொட்டினாலோ, புகை மூட்டம் போலத் தெரிந்தாலோ, கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். தலையை உயர்த்தி உட்கார்ந்து, அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போங்கள். வண்டியை நீங்களே ஓட்ட வேண்டாம், துணைக்கு ஒருவர் வரட்டும். அங்கே கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், திரும்பி வரும்போது சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும்.