ட்ரம்பெட் ஸ்டாப்பில் ஒரு கட்டை மட்டும் கரகரத்தபோது

குழாய் ஆர்கனில் 8 அடி ட்ரம்பெட் ஸ்டாப்பை (ஒரு வகைக் குழாய் வரிசையை ஒலிக்கவிடும் இழுகுமிழ்) இழுத்தால் ஒரே ஒரு கட்டையில் கரகரப்பு. டயபேசன், ஃப்ளூட் ஸ்டாப்புகளில் அதே கட்டை சுத்தமாகப் பேசியது. ஆக, சிக்கல் கட்டையில் இல்லை, அந்த ஒரு குழாயில்தான். டயபேசனும் ஃப்ளூட்டும் விசில் போல ஒலிக்கும், உதடு வைத்த குழாய்கள். கொஞ்சம் தூசியைப் பொறுத்துக்கொள்ளும். ட்ரம்பெட்டில் அதிர்வது பித்தளை நாக்கு. அதற்கும், அது படியும் சிறு குழலான ஷாலட்டுக்கும் நடுவே ஒரு துகள் சிக்கினாலே நாக்கு முழுதாகப் படியாது.

குழாயை நேராகத் தூக்கி, நாக்கை மூடியிருக்கும் அடிக்கூட்டைக் கழற்றினேன். மடிப்பில்லாத விறைப்பான தாளை நாக்குக்கு அடியில் நுழைத்து மெல்ல இழுத்தேன். இரண்டாம் முறையில் துகள் வந்துவிட்டது. நாக்கை விரலால் நிமிர்த்தவே கூடாது. அந்த மெல்லிய வளைவில்தான் ஸ்டாப்பின் குரலே இருக்கிறது: வளைவு குறைந்தால் ஒலி மெலியும், கூடினால் பேசத் தாமதிக்கும்.

பிறகு 4 அடி பிரின்சிபல் என்ற உதட்டுக் குழாய் ஸ்டாப்போடு சுருதி சேர்த்தேன். நாக்கை அழுத்திப் பிடிக்கும் சுருதிக் கம்பியைக் கீழே தட்டினால் சுருதி ஏறும், மேலே தட்டினால் இறங்கும், அதுவும் மயிரிழை அளவு. கூடம் சூடாக இருக்கும்போது இதில் கை வைக்காதீர்கள். 1 டிகிரி செல்சியஸுக்கு உதட்டுக் குழாய்கள் சுமார் 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு) ஏறும். நாக்குக் குழாய்கள் அவ்வளவு நகராது. அதனால் சூட்டில் சேர்த்த சுருதி, கூடம் ஆறியதும் ஒத்துப்போகாது.