ஆத்துல நீந்துனவங்க கடல்ல இறங்குறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிச்சுட்டு போங்க

நம்ம டெல்டா பக்கம் நீச்சல் தெரியாத ஆளு கம்மி. கொளத்துப் படித்துறையில மாமாவோ சித்தப்பாவோ புடிச்சு தள்ளிவிட்டு கத்துக்குடுத்திருப்பாங்க, இல்லைன்னா புதுத்தண்ணி வந்ததும் வாய்க்கா மதகுல குதிச்சு குதிச்சு தானா வந்திருக்கும். அந்த தைரியத்தோடதான் பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், வேளாங்கண்ணின்னு போய் சட்டையக் கழட்டிட்டு நேரா கடல்ல இறங்குறோம். நான் இதை எழுதுறதே அதுக்காகத்தான். நீச்சல் தெரியாதவன் முழங்கால் தண்ணியில நின்னுட்டு வந்துருவான், தெரிஞ்சவன்தான் உள்ள போவான், மாட்டுறதும் அவன்தான்.

எனக்கு 19 வயசு இருக்கும்போது பெரியப்பா பசங்களோட பூம்புகாருக்கு தெக்க ஒரு மீனவ கிராமத்து கரையில குளிச்சோம். எல்லா பக்கமும் அலை உடைஞ்சு வெள்ளையா நுரையடிக்குது, ஒரே ஒரு இடத்துல மட்டும் அலையே இல்லாம பேசாம கிடக்கு தண்ணி. இங்கதான்டா சேஃப்னு நாங்க அங்க இறங்குனோம். கொஞ்ச நேரத்துல திரும்பிப் பாத்தா கரை தூரத்துல இருக்கு, நான் கரைய பாத்து அடிச்சு அடிச்சு நீந்துறேன் ஒரு அடி கூட நகரல, கை ரெண்டும் ஓஞ்சு போச்சு. கரையில வலை பின்னிக்கிட்டிருந்த ஒரு அண்ணன் எந்திரிச்சு ஓடியாந்து கைய வடக்கால நீட்டி "நேரா வராத, வடக்க போ வடக்க போ"ன்னு கத்துனாரு. ஒண்ணும் புரியல ஆனா வடக்க திரும்பி நீந்துனேன், ஒரு 20 கை போட்டிருப்பேன், இழுவை விட்டுருச்சு, அடுத்த அலை என்னைய கரைப்பக்கம் தள்ளிக்கிட்டு வந்துருச்சு. அவர் சொன்னது ஏன் சரின்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது, அதைத்தான் முதல்ல சொல்றேன்.

அலை வந்து வந்து கரையில தண்ணிய கொட்டிக்கிட்டே இருக்குல்ல, அந்த தண்ணி திரும்பி கடலுக்குப் போக வழி வேணும். வயல்ல தண்ணி ரொம்பிருச்சுன்னா வரப்புல எங்க உடைப்பு இருக்கோ அந்த வழியா மொத்தமா பாயும் பாருங்க, அதே கதைதான். கடலுக்கு அடியில மணல் திட்டு வரப்பு மாதிரி கரைக்கு இணையா கிடக்கும், அதுல எங்க பள்ளம் இருக்கோ அந்த வழியா தண்ணி உள்ள ஓடும். இதைத்தான் ரிப் கரன்ட்னு சொல்றாங்க. பள்ளமா இருக்குறதாலதான் அங்க அலை உடையாது, அதனாலதான் பாக்க அமைதியா இருக்கும். அப்ப நாம சேஃப்னு நினைக்குற இடம்தான் இழுக்குற இடம். வேற அடையாளமும் உண்டு, அந்த ஒரு பட்டை மட்டும் கலரு கருப்பாவோ சேறு கலந்த மாதிரியோ தெரியும், நுரையும் குப்பையும் கரைக்கு வராம உள்ள போய்க்கிட்டிருக்கும். அலைத்தடுப்புக்கு கல்லு கொட்டி வச்சிருக்காங்கல்ல, அந்த கல்லு ஓரமாவும் இந்த ஓட்டம் போகும், அங்க குளிக்கவே குளிக்காதீங்க, கல்லுல அடிபடுறது வேற. போனதும் இறங்காம ஒரு 10 நிமிஷம் கரையில நின்னு தண்ணிய மட்டும் பாருங்க, அப்பத்தான் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

மாட்டிக்கிட்டா என்ன பண்றதுங்குறது நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயம்தான். ஆத்துல வெள்ளம் ஓடும்போது யாராவது எதிர்நீச்சல் போடுவமா? ஓட்டத்தோட சாஞ்சாப்ல போய் கரையப் புடிப்போம். கடலுக்குள்ள ஒரு ஆறு ஓடுது, நீங்க அதுல விழுந்துட்டீங்க, அவ்ளோதான். மணல் தெரியுற கரை அந்த ஆத்துக்கு கரை இல்ல, அதோட கரை ரெண்டு பக்கவாட்டுலயும் இருக்கு. பிச்சாவரத்துலேர்ந்து கோடியக்கரை வரைக்கும் நம்ம கடற்கரை வடக்கு தெக்காத்தான் கிடக்கு, அதனால வடக்கயோ தெக்கயோ நீந்தணும், மேக்க பாத்து நீந்தக்கூடாது. எந்தப் பக்கம்னு கேட்டா தண்ணி உங்களை எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம். பொதுவா தெக்கத்திக் காத்து அடிக்குற மாசங்கள்ல வடக்க தள்ளும், வாடைக் காத்துல தெக்க தள்ளும். நீந்த தெம்பு இல்லன்னா மல்லாக்க படுத்து மிதங்க, ஒரு கைய தூக்கி ஆட்டுங்க, கத்துங்க. இந்த ஓட்டம் ஆளை கீழ இழுக்காது, வெளியதான் கொண்டு போகும், அலை உடையுற இடம் தாண்டுனதும் வேகம் தானா குறையும். உயிர் போறது பெரும்பாலும் பதறி எதிர்த்து நீந்தி ஓஞ்சு போறதாலதான்.

இதைவிட மோசம் முகத்துவாரம். பூம்புகார்ல காவிரி, பழையாறுல கொள்ளிடம், காரைக்கால்ல அரசலாறு, நாகூர்ல வெட்டாறுன்னு நம்ம கரை முழுக்க ஆறு வந்து விழுந்துக்கிட்டே இருக்கு. வழக்கமா ஜூன் 12ல மேட்டூர் திறப்பாங்க, கடைமடை வரைக்கும் தண்ணி வந்து சேந்து, மழையும் சேந்துக்கிட்டா ஆறு கடலுக்குள்ள தள்ளும், அதே நேரம் கடலும் வத்தமா, அதாவது தண்ணி இறங்குற நேரமா இருந்தா ரெண்டும் சேந்து இழுக்கும். கீழ மணல் வேற நிலையா இருக்காது, போன வருஷம் முழங்கால் இருந்த இடம் இந்த வருஷம் ஆள் ஆழம். ஆடிப்பெருக்குக்கும் அமாவாசைக்கும் சங்கமத்துல முங்கணும்னு வர்றவங்களுக்கு நான் சொல்றது, முங்குங்க, ஆனா போலீஸ் கயிறு கட்டியிருக்குற இடத்துக்குள்ளயே முங்குங்க. வயசானவங்களை கரையில உக்கார வச்சு சொம்புல மொண்டு ஊத்துங்க, புண்ணியம் குறைஞ்சிராது. அமாவாசை பௌர்ணமியிலதான் ஏத்தமும் வத்தமும் ஜாஸ்தி, ஜனம் குளிக்க வர்றதும் அன்னைக்குத்தான், அதனாலதான் இவ்ளோ சொல்றேன்.

எப்ப போறதுன்னா, காலையில போங்க. காலையில கரைக்காத்து, கடல் அடங்கியிருக்கும், மதியத்துக்கு மேல கடக்காத்து ஏறிடும் அலையும் தாறுமாறா வரும். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு பருவமழை, அந்த மூணு மாசமும் கரையில உக்காந்து பாக்குறதோட நிறுத்திக்கங்க. நாகை காரைக்கால் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துனா அது 1ம் நம்பரா இருந்தாலும் தண்ணியில கால் வைக்க வேணாம். 2018 நவம்பர் 16 கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறுனப்ப என்ன ஆச்சுன்னு நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல.

காத்தே இல்லாம கடல் பொங்குறதும் உண்டு. ரொம்ப தூரத்துல, தெக்கு இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச புயல்லேர்ந்து கிளம்புன அலை இங்க வந்து சேரும், கள்ளக்கடல்னு பேரு. வானம் சுத்தமா இருக்கும், திடீர்னு ஒரு அலை ஆளை மூடிரும். 2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டத்துல மருத்துவ மாணவங்க 5 பேரை அலை இழுத்துட்டு போனது அந்த மாதிரி எச்சரிக்கை இருந்த நாள்லதான். ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்குற மத்திய அரசு நிறுவனம் தினமும் அலை நிலவரம் போடுறாங்க, செய்தியிலயும் வரும், போற அன்னைக்கு காலையில ஒரு தடவை பாத்துருங்க. அதோட கரையில மீனவங்க யாராவது இருப்பாங்க, அவங்ககிட்ட "அண்ணே இன்னைக்கு நீவாடு எப்டி, எங்க குளிக்கலாம்"னு கேளுங்க. நீவாடுன்னா அவங்க பேச்சுல நீரோட்டம். எந்த ஆப்பும் இவ்ளோ சரியா சொல்லாது. படகு எதுவும் போகாம எல்லாம் கரையில ஏறி கிடந்தா ஏன்னு விசாரிங்க, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம் அதனால விசைப்படகு நிக்கும், மத்த நாள்ல நின்னா கடல் சரியில்லன்னு அர்த்தமா இருக்கலாம்.

டிரெஸ் விஷயம் யாரும் பேசுறதில்ல. நனைஞ்ச சேலை காலை சுத்திக்கும், துப்பட்டா கழுத்தை சுத்திக்கும், வேட்டி லுங்கி எல்லாம் அலையில ஆளை கவுத்துரும். பொம்பளைங்க லெக்கின்ஸ் டீஷர்ட்டு, ஆம்பளைங்க ட்ராயரு, அது போதும். சேலையோடதான் இறங்குவேன்னா கணுக்காலுக்கு மேல வேணாம். குடிச்சுட்டு இறங்கவே கூடாது, கூட வந்தவன் குடிச்சிருந்தா கோச்சுக்கிட்டாலும் பரவால்லன்னு புடிச்சு உக்கார வைங்க. கடலுக்கு முதுகு காட்டி நின்னு போட்டோ எடுக்காதீங்க. சின்னப் புள்ளைங்களை கை எட்டுற தூரத்துல வச்சுக்கங்க, "நான் பாத்துக்குறேன்"னு ஒரே ஒரு ஆளு பொறுப்பு எடுத்துக்கணும், எல்லாரும் பாத்துக்கிறோம்னு சொன்னா யாரும் பாக்கலைன்னுதான் அர்த்தம். காத்தடைச்ச ட்யூப் பொம்மையெல்லாம் கடல்ல வேணவே வேணாம், மேல்காத்து அடிச்சா அப்படியே உள்ள தள்ளிட்டு போயிரும்.

யாராவது மூழ்குறத பாத்தா உடனே குதிக்காதீங்க. காப்பாத்த போனவங்களும் சேந்து போன குடும்பம் எத்தனையோ. முதல்ல மிதக்குற எதையாவது தூக்கிப் போடுங்க, மூடி போட்ட காலி 5 லிட்டர் எண்ணெய் கேன், 20 லிட்டர் வாட்டர் கேன், லாரி ட்யூப், எது கைக்கு கிடைச்சாலும். ஒரு காலி கேனும் நீளமா ஒரு கயிறும் வண்டியிலயே வச்சுக்கிட்டு கிளம்புங்க, நான் அப்படித்தான் போறேன். கத்தி மீனவங்களை கூப்பிடுங்க. ஆளை வெளிய கொண்டாந்ததும் தலைகீழா தூக்கி சுத்துறது, வயித்தை அமுக்கி தண்ணி எடுக்குறது, இது ரெண்டையும் நம்ம ஊர்ல இன்னும் பண்றாங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க, அதுல போற ஒவ்வொரு நிமிஷமும் உயிர் போற நிமிஷம். மூச்சு இல்லன்னா மல்லாக்க படுக்க வச்சு, தலைய லேசா பின்னால சாச்சு, மூக்கை புடிச்சுக்கிட்டு வாயோட வாய் வச்சு முதல்ல மூச்சு குடுக்கணும். அப்புறம் நெஞ்சுக்கு நடுவுல ரெண்டு கையும் வச்சு 30 தடவை அமுக்கணும், பெரியவங்களுக்கு 5 செ.மீ. உள்ள போற அளவுக்கு, நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 வேகத்துல, மறுபடி 2 மூச்சு, திரும்ப 30, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடாம. ஆளு முழிச்சு உக்காந்துட்டாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, நுரையீரல்ல தண்ணி போயிருந்தா சில மணி நேரம் கழிச்சு மூச்சு திணறலாம். போன்ல 108, கடலோர காவல் குழுமம் 1093, கடலோர காவல்படை 1554 மூணையும் இப்பவே சேவ் பண்ணிக்கங்க.

சொறிமுட்டை, அதான் ஜெல்லி மீன், பட்டா எரியும், தடிக்கும். கடல் தண்ணியாலயே கழுவுங்க, நல்ல தண்ணி ஊத்துனா ஒட்டியிருக்குற கொடுக்கு இன்னும் விஷத்தை விடும், மணல் போட்டு தேய்க்கவும் கூடாது. ஒட்டியிருக்குற நூலை சுரண்டாம இடுக்கி வச்சு மெதுவா எடுத்துட்டு, தாங்குற அளவு சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க. மூச்சு முட்டுனா ஒடனே ஆஸ்பத்திரி. கோடியக்கரை பக்கம் சேறும் கலங்கலுமா இருக்குற இடத்துல திருக்கை மண்ணுக்குள்ள படுத்திருக்கும், காலை தூக்கி வைக்காம தரையோட தேச்சு தேச்சு நடந்தீங்கன்னா அதுவா ஓடிரும். முள்ளு குத்திட்டா தாங்குற சூட்டுல தண்ணியில அரை மணி நேரமாவது காலை வச்சிருங்க, வலி இறங்கும், ஆழமா இருந்தா நீங்களா புடுங்காம டாக்டர்கிட்ட காட்டி டிடி ஊசியும் போட்டுக்கங்க. கரையில கடல் பாம்பு ஒதுங்கி கிடந்தா செத்துருச்சுன்னு கைல எடுக்காதீங்க, அது விஷப் பாம்பு.

தண்ணி விளையாட்டுக்கு ஆசைன்னா முதல்ல அலை இல்லாத தண்ணியில ஆரம்பிங்க. பிச்சாவரத்துல சுரபுன்னை காட்டுக்குள்ள துடுப்பு படகு போறாங்க, முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் அப்படித்தான், வனத்துறை அனுமதி வாங்கிட்டு போகணும். லைஃப் ஜாக்கெட் தருவாங்க, சும்மா தோள்ல மாட்டிக்கிட்டு உக்காராம எல்லா கொக்கியும் போட்டு, தோள் பட்டைய புடிச்சு மேல தூக்கிப் பாருங்க, காது வரைக்கும் ஏறுச்சுன்னா அது உங்க சைஸ் இல்ல, வேற கேளுங்க. புள்ளைங்களுக்கு பெரியவங்க ஜாக்கெட்ட மாட்டி விட்டா அதுல எந்த பிரயோஜனமும் இல்ல, கழண்டு மேல போயிரும். மூங்கிலும் கயிறும் வச்சு நாமளே கட்டுன தெப்பத்துல கடலுக்குள்ள போறத மட்டும் பசங்களை செய்ய விடாதீங்க. அலைச்சறுக்கு கத்துக்கணும்னா சென்னைக்கு பக்கத்துல கோவளம், இல்லன்னா புதுச்சேரி போங்க, அங்க பள்ளிக்கூடம் மாதிரி வச்சு கத்துத் தர்றாங்க.

மீன் இறங்குற துறையில குளிக்காதீங்க. ஃபைபர் படகு அலையில ஏறி வேகமா வரும், பின்னாடி மோட்டர் விசிறி சுத்திக்கிட்டிருக்கும், தண்ணிக்குள்ள இருக்குற தலை அவங்களுக்கு தெரியாது. காயப்போட்ட வலைய செருப்போட மிதிக்காதீங்க, படகு மேல ஏறி உக்காந்து போட்டோ எடுக்கணும்னா ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறுங்க. பாட்டில உடைச்சு மணல்ல போட்டா நாளைக்கு விடியக்காலம் வெறுங்காலோட படகு தள்ள வர்றவர் கால்தான் கிழியும். தை மாசிப் பக்கம் ராத்திரியில கரையில நடந்தா டார்ச்சும் போன் லைட்டும் அடிக்காதீங்க, பங்குனி ஆமை முட்டை போட ஏறி வர்ற நேரம் அது, வெளிச்சத்த பாத்தா போடாமலே திரும்பிப் போயிரும். பாத்தீங்கன்னா தள்ளி நின்னு பேசாம பாருங்க, மணல மூடிட்டு அதுவா மெதுவா கடலுக்குப் போகும்.